முகத்துவாரத்தில் வலை வீசும் முன்: களனி கங்கை கடலில் கலக்குமிடத்தின் நிலைமைகளும் உயிர்ப் பாதுகாப்பும்

கொழும்பு 15ஐத் தமிழில் முகத்துவாரம் என்கிறோம். ஆறு கடலில் கலக்கும் இடம் என்பதே அதன் பொருள். சிவனொளிபாதமலைத் தொடரிலும் ஹோட்டன் சமவெளிப் பக்கத்திலும் ஊற்றெடுக்கும் களனி கங்கை, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிக்கும் வத்தளைப் பக்கத்து ஹேகித்தைக்கும் நடுவே கடலில் விழுகிறது. தென்கரையில் காக்கைத்தீவுக் கடற்கரையும் முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகமும், வடகரையில் திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகமும் இருக்கின்றன. கொட்டாஞ்சேனைச் சந்தைக்கும் வெள்ளவத்தைச் சந்தைக்கும் மீன் வருகிற வழிகளில் இதுவும் ஒன்று.

இந்த இடத்தில் தொழில் செய்கிறவர்களும் ஓய்வுநாளில் தூண்டிலோடு வருகிறவர்களும் எல்லோரும் இந்தக் கரையிலேயே பிறந்தவர்கள் அல்லர். போரினால் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொழும்புக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் பல. கடற்றொழில் தெரிந்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது வேறு கடல். முல்லைத்தீவின் அலையும் யாழ்ப்பாணக் களப்பின் ஆழமும் மட்டக்களப்பு வாவியின் அமைதியும் களனி முகத்துவாரத்துக்குப் பொருந்தா. ஒரு நீரில் கற்ற அறிவை இன்னொரு நீரில் அப்படியே நம்புவதுதான் அனுபவசாலிகளையும் ஆபத்தில் தள்ளுகிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் உறைந்த ஏரியின் மேல் நின்று மீன்பிடிக்கப் பழகும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். அதைப் பற்றிக் கட்டுரையின் பிற்பகுதியில் தனியாகச் சொல்லப்படுகிறது.

பருவம் இங்கே தலைகீழ்

கிழக்குக் கரையிலிருந்து வந்தவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இது. முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் சோளகக் காலம், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, கரையோரக் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதே காரணம். மட்டக்களப்பில் கச்சான் என்றால் தரைப்பக்கமிருந்து வரும் வெக்கைக் காற்று. கொழும்பில் அதே தென்மேற்குக் காற்று திறந்த இந்து சமுத்திரத்திலிருந்து நேராகக் கரையில் வந்து மோதுகிறது. கிழக்கில் தொழில் கொழிக்கும் மாதங்கள் மேற்கில் கடல் கொந்தளிக்கும் மாதங்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இந்தக் காலத்தில் கொக்கிளாய், நாயாறு பக்கம் போய் வாடி அமைப்பதும், அதையொட்டி உள்ளூர் மீனவர்களோடு எழும் நீண்டகாலத் தகராறும் வாசகர்களுக்குத் தெரிந்தவை. அந்த இடப்பெயர்வுக்குப் பின்னாலிருக்கும் இயற்கைக் காரணம் இந்தப் பருவ மாற்றம்தான்.

மறுபக்கம், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக் காற்றுக் காலத்தில் வடக்கும் கிழக்கும் கலங்கியிருக்க, கொழும்புக் கடல் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். இடைப்பட்ட இரண்டு காலங்களும் ஏமாற்றக்கூடியவை. மார்ச், ஏப்ரலில் காலையில் கடல் கண்ணாடிபோல் கிடக்கும். பின்னேரம் இரண்டு மூன்று மணிக்கு மேல் இடியும் மின்னலும் சுழன்றடிக்கும் காற்றும் வரும். ஒக்டோபர், நவம்பரிலும் இதே இடிமழை உண்டு. அதோடு வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் புயல்களும் உருவாகும் காலமும் அதுவே.

பருவம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு இரண்டு நாட்கள் சாட்சி. 2011 நவம்பர் 25 அன்று தென்கரையில் திடீரென வீசிய கடுங்காற்றில் 20இற்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் மீனவர்கள். 2013 ஜூன் 8 அன்று மேற்கு, தெற்குக் கரைகளில் வீசிய காற்றில் சுமார் 50 மீனவர்கள் உயிரிழந்தனர். உடல்கள் கொழும்புக்கு அருகே தெஹிவளையிலும்கூடக் கரையொதுங்கின. உரிய நேரத்தில் எச்சரிக்கை கிடைக்கவில்லை என்பது அப்போது எழுந்த பெரிய குற்றச்சாட்டு.

ஆற்றை வாசித்தல்: நாகலகம் வீதியின் அளவுகோல்

கடலை மட்டும் பார்த்துவிட்டு முகத்துவாரத்தில் இறங்கக்கூடாது. பாதி ஆபத்து ஆற்றுப் பக்கமிருந்து வருகிறது. களனியின் மேற்பகுதி நாட்டிலேயே அதிக மழை பெறும் பிரதேசங்களுள் ஒன்று. ஹற்றன், நோர்வூட், கித்துல்கல பக்கம் இரவிரவாகக் கொட்டும்போது கொட்டாஞ்சேனையில் வானம் வெளித்திருக்கலாம். அந்த நீர் முகத்துவாரத்துக்கு வந்துசேரப் பல மணித்தியாலங்கள் எடுக்கும், சிலவேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றின் பல இடங்களில் நீர்மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. கொழும்பில் இருப்பவர்கள் இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் போதும்.

ஒன்று, கிராண்ட்பாஸ் பக்கத்து நாகலகம் வீதி. இங்கே அளவு அடியில் சொல்லப்படும். 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம்.

மற்றது, அதற்கு மேலே உள்ள ஹங்வெல்ல. இங்கே அளவு மீற்றரில். 7 மீற்றர் எச்சரிக்கை, 8 சிறுவெள்ளம், 10 பெருவெள்ளம்.

ஹங்வெல்லவில் இன்று ஏறும் நீர் அடுத்து நாகலகம் வீதியில் ஏறும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், முந்தைய அளவோடு ஒப்பிட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 3 அடியில் நின்று வேகமாக ஏறும் ஆறு, 4 அடியில் நின்று மெதுவாக வடியும் ஆற்றைவிட ஆபத்தானது. நோர்ட்டன், கெனியன், லக்சபான அணைகளின் வான்கதவுகள் திறக்கப்பட்டதாகச் செய்தியில் வந்தால் அதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆறு பெருகும்போது மீன்பிடிப்பவருக்கு நான்கு விதமான ஆபத்து வருகிறது. நீரோட்டத்தின் வேகம் கூடும். வழக்கமாக நங்கூரம் பிடிக்கும் இடத்தில் பிடிக்காது, படகு பின்னோக்கி இழுபட்டுக் கடலுக்குள் போகும். நீர் கலங்கிச் சிவப்பதால் அடியிலுள்ளது தெரியாது. மரக்குற்றி, மூங்கில் புதர், ஆகாயத்தாமரைத் திட்டு, இறந்த மாடு எல்லாம் மிதந்து வரும். நீருக்குச் சற்றுக் கீழே மூழ்கி வரும் மரக்குற்றி, வேகமாக ஓடும் கண்ணாடியிழைப் படகை ஓட்டையாக்கப் போதும். கரையும் அறுக்கும். நேற்று நின்று தூண்டில் போட்ட மண்திட்டு இன்று உள்ளே குடைந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் புல் முளைத்த தரையாகவே தெரியும்.

வெள்ளம் என்பது எப்போதோ வந்துபோகும் பழங்கதை அல்ல. 1947இன் பெருவெள்ளத்தைக் கொழும்பு நெடுநாள் பேசியது. 1989இல் மீண்டும் வந்தது. 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிய, களனி, கடுவெலப் பகுதிகள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600இற்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது களனி மறுபடியும் பெருவெள்ள மட்டத்தைத் தாண்டியது. வெள்ளம் வடிந்த பிறகும் சில நாட்களுக்கு முகத்துவாரம் பாதுகாப்பானதல்ல. ஆற்றின் வாய்க்குள் மணல்மேடுகள் இடம் மாறியிருக்கும். பழைய வழியில் போகும் படகு தட்டும்.

வாய்ப்பகுதி: ஆறும் அலையும் முட்டும் இடம்

கொழும்பில் வற்றும் பெருக்கும் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. இதனால் பலர் அதைக் கணக்கெடுப்பதே இல்லை. ஆற்றின் வாயில் அது தவறு. வற்று நேரத்தில் ஆற்று நீரோடு வற்று நீரும் சேர்ந்து வெளியே தள்ளும். வெளியிலிருந்து வரும் அலை அந்த ஓட்டத்தை எதிர்கொள்ளும்போது குறுகி, செங்குத்தாகி, உடையும். சற்று வெளியே சாதாரணமாக உருண்டுவரும் அலை, வாயில் படகைக் கவிழ்க்கும் அலையாக மாறுவது இப்படித்தான். ஆறு பெருகியிருக்கும் நாளில், வற்று நேரத்தில், சோளக அலையும் இருந்தால் மூன்றும் ஒன்றுசேரும். அந்த வேளையில் வாயைக் கடக்கக்கூடாது.

காற்றே இல்லாத நாளிலும் பெரிய அலை வரலாம். தென் சமுத்திரத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் வீசிய புயலின் அலைகள் நாட்கள் கழித்து நம் கரையில் வந்து சேரும். இவை இடைவெளி கூடிய, கனமான அலைகள். கூட்டங்கூட்டமாக வரும். பத்து நிமிடம் சும்மா கிடக்கும் கடல் திடீரெனத் தொடர்ந்து ஐந்தாறு பெரிய அலைகளை அனுப்பும்.

ஆகவே வாயைக் கடக்கும் முன் கால்மணி நேரம் நின்று பாருங்கள். எந்த இடத்தில் அலை உடைகிறது, எங்கே உடையாமல் வருகிறது, பெரிய கூட்டம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணுங்கள். பெரிய கூட்டம் கடந்ததும் போங்கள். கடக்கும்போது படகின் பக்கத்தை அலைக்குக் காட்டாதீர்கள். நடுவில் திரும்பவும் முயலாதீர்கள். உள்ளே வரும்போது ஓர் அலையின் முதுகில் இருந்து, அதை முந்தாமல், அடுத்த அலை பிடிக்கவும் விடாமல் வர வேண்டும். முந்தினால் முன்முனை கீழே குத்தும். பெருக்கு நேரத்தில் உள்ளே வருவதே எளிது.

கற்களில் நின்று தூண்டில் போடுவோருக்கு

படகில்லாமல் அலைதடுப்புக் கற்களிலும் பாலத்தடியிலும் ஆற்றங்கரையிலும் நிற்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். கொடுவாயும் மணலையும் பாரையும் உவர்நீரும் நன்னீரும் கலக்கும் இடத்தைத் தேடி வருவதால் மனிதரும் அங்கேயே கூடுகிறார்கள். இவர்களுக்கு ஆபத்து வழுக்கலும் ஒற்றை அலையும்.

கல்லில் பச்சைப்பாசி இருந்தால் அலை அங்கே வழமையாக ஏறுகிறது என்று அர்த்தம். அதற்கு மேலேதான் நிற்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி மீன் கழற்றக்கூடாது. தூண்டில் சிக்கினால் நரம்பை வெட்டி விடுங்கள். நூறு ரூபாய் ஈயத்துக்காகக் கீழே இறங்கியவர்களைத்தான் அலை கொண்டுபோகிறது. வெறும் ரப்பர்ச் செருப்போடு கல்லில் ஏறக்கூடாது. தனியாக இரவில் நிற்கக்கூடாது.

இடி கேட்டால் தூண்டிலைக் கீழே வையுங்கள். இப்போது விற்பனையாகும் கார்பன் தடிகள் மின்சாரத்தைக் கடத்தும். மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். தென்னைமரத்தடி பாதுகாப்பு அல்ல. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே திரும்பி வர வேண்டும்.

முதலையை மறக்க வேண்டாம். 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் முதலை தாக்கி ஒருவர் இறந்தார். அதே காலத்தில் வெள்ளவத்தை முதல் கல்கிசை வரை கரையோரத்தில் முதலை காணப்பட்டது. வெள்ளத்தின் பின் அவை கால்வாய்கள் வழியாகக் கடலுக்கு வரும். இருட்டில் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுவது ஆபத்து.

வெள்ளநீரில் எலிக்காய்ச்சலும் உண்டு. காலில் புண்ணோடு கலங்கிய ஆற்றில் இறங்குவோர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும். இறங்கியபின் சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், தண்ணீரில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வானிலை அறிக்கையை வாசிக்கும் விதம்

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புக்கான எதிர்வுகூறலைத் தமிழிலும் வெளியிடுகிறது. அதைப் பலர் வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகி, கேட்காதவர்கள்போல் ஆகிவிட்டார்கள். அதில் மூன்று விடயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது இடம். “புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரை” என்றால் முகத்துவாரம் அதற்குள் அடங்கும். “காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரை” என்றால் அடங்காது. ஆனால் பக்கத்துப் பரப்பு என்பதால் கவனம் தேவை.

இரண்டாவது காற்று. சாதாரண வேகத்தைச் சொன்ன பிறகு, அவ்வப்போது அதிகரித்து வீசக்கூடும் என்று இன்னொரு எண் வரும். படகைக் கவிழ்ப்பது அந்த இரண்டாவது எண். இடிமழை வேளையில் தற்காலிகமாகக் கடுங்காற்று வீசும், கடல் கொந்தளிக்கும் என்ற வரியும் அடிக்கடி வரும். சிறு படகுக்காரருக்கு அதுவே முக்கியமான வரி.

மூன்றாவது அலையின் உயரம். அறிவிக்கப்படும் உயரம் பெரிய அலைகளின் சராசரி. அதன் இருமடங்கை நெருங்கும் தனி அலைகளும் இடையிடையே வரும். 2 மீற்றர் என்று அறிவித்தால் ஏறத்தாழ 4 மீற்றர் அலை ஒன்றுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

சிவப்பு எச்சரிக்கை வந்தபின் “எங்கள் பக்கம் ஒன்றுமில்லை” என்று போவது 2013இன் பாடத்தை மறப்பதாகும். அன்று எச்சரிக்கை இல்லாமல் போனார்கள். இன்று எச்சரிக்கை இருந்தும் போவதற்குக் கடனும் எரிபொருள் விலையும் காரணமாகின்றன என்பது உண்மைதான். ஒரு நாள் தொழில் போனால் அடுப்பெரியாத வீடுகள் இருக்கின்றன. தொழிலுக்குப் போகக்கூடாத நாட்களுக்கான நிவாரணத்தைச் சங்கங்கள் கேட்க வேண்டும். கடல் அந்தக் கடனைக் கணக்கில் எடுப்பதில்லை.

படகில் இருக்க வேண்டியவை

உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று. அது உடம்பில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் கட்டிவைத்த அங்கி, கவிழ்ந்த படகுக்கு அடியிலேயே கிடக்கும். வெக்கை, வலை இழுக்க இடைஞ்சல் என்ற சாட்டுகள் எல்லாக் கரையிலும் கேட்பவை. வாயைக் கடக்கும்போதாவது கட்டாயம் போடுங்கள்.

இயந்திரத்தின் நிறுத்துக் கயிற்றை ஓட்டுபவர் கையில் மாட்டியிருக்க வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரம் நிற்கும், இல்லாவிட்டால் படகு சுற்றிவந்து அவரையே வெட்டும். நங்கூரமும் நீளமான கயிறும் தேவை. இயந்திரம் நின்றால் கற்களில் மோதாமல் காப்பாற்றுவது அதுதான். துடுப்பு, தண்ணீர் அள்ளும் வாளி, டோர்ச், விசில், குடிநீர், பொலித்தீனில் சுற்றிய தொலைபேசி ஆகியவையும் வேண்டும். வெறும் 20 லீற்றர் கான் ஒன்றை மூடி இறுக்கிக் கயிறு கட்டி வைத்திருங்கள். விழுந்தவருக்கு எறிய அதைவிட மலிவான மிதவை இல்லை. எரிபொருளை மூன்றாகப் பிரியுங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மீதி ஒரு பங்கு எதிர்பாராததுக்கு. கடற்றொடர்புக் கருவி இருந்தால் அவசர அலைவரிசை 16.

அடையாள அட்டையும் படகுப் பதிவுப் பத்திரமும் தேவை. பக்கத்திலேயே கொழும்புத் துறைமுகம் இருக்கிறது. அதன் எல்லைக்குள்ளும் கப்பல் வழியிலும் வலை போடக்கூடாது. இரவில் பெரிய கப்பலுக்குச் சிறு படகு தெரியாது. தெரிந்தாலும் அதனால் உடனே திரும்ப முடியாது.

எல்லாவற்றிலும் மலிவானது, கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவோம், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற நான்கையும் சொல்ல வேண்டும். காணாமற்போனவரை எங்கே தேடுவது என்று தெரியாத வேதனை நம் சமூகத்துக்குப் புதிதல்ல. அதை இன்னொரு வீட்டுக்கு வராமல் தடுக்க ஒரு நிமிடப் பேச்சுப் போதும்.

விபத்து நடந்தால்

படகு கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள். கரை கிட்டத் தெரிந்தாலும் ஓட்டம் எதிராக இருக்கும். கவிழ்ந்த படகு மிதக்கும், தேடுவோர் கண்ணுக்கும் அதுவே தெரியும். படகில்லாமல் ஓட்டத்தில் அகப்பட்டால் எதிர்த்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி ஓட்டத்தை விட்டு விலகுங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை அசையுங்கள்.

ஒருவர் விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது வழமையான செய்தி. கானை எறியுங்கள், கயிற்றை எறியுங்கள், தடியை நீட்டுங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் விழுந்தவரையே பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் அழைக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் கரைகளில் இன்னமும் நடக்கிறது. இரண்டும் கேடு. வயிற்றிலுள்ளது மேலே வந்து மூச்சுக்குழாயில் போகும், அதோடு பொன்னான நிமிடங்கள் வீணாகும். மூச்சு இல்லாவிட்டால் மல்லாக்காகக் கிடத்தித் தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, இரண்டு முறை ஊதி, அம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். மூழ்கியவருக்குத் தேவைப்படுவது முதலில் காற்று. எழுந்து உட்கார்ந்து “எனக்கு ஒன்றுமில்லை” என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன நீர் சில மணித்தியாலம் கழித்தும் மூச்சை அடைக்கலாம்.

உறைந்த நீரில் நிற்கும் உறவுகளுக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கனடாவில் பிள்ளையோ சகோதரமோ இல்லாத தமிழ் வீடு குறைவு. ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி குளிர்காலத்தில் உறையும்போது, பனிக்கட்டியில் துளையிட்டு மீன்பிடிக்க ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். ஊரில் கடலோடு வளர்ந்தவர்களுக்கும் இது முற்றிலும் புதிய நீர்.

அங்கும் முதல் விதி அளப்பதே. தெளிந்த நீலப் பனிக்கட்டி குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடித்திருந்தால்தான் ஒருவர் நடக்கலாம். வாகனத்துக்கு அதைவிடப் பலமடங்கு வேண்டும். வெண்மையான, பனித்தூள் கலந்த கட்டிக்குப் பலம் பாதிதான், ஆகவே இருமடங்கு தடிப்பு வேண்டும். ஆறு ஏரியில் சேரும் வாயிலும் பாலத்தடியிலும் கட்டி எப்போதும் மெல்லியது. முகத்துவாரம் அங்கும் ஆபத்தான இடமே. நேற்று அளந்த தடிப்பு இன்றைக்குச் செல்லாது. 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஒஹாயோப் பக்கம், ஈரி ஏரியில் காற்று மாறிப் பனிக்கட்டிப் பாளம் கரையிலிருந்து பிரிந்து 130இற்கு மேற்பட்டோர் மிதந்துபோனார்கள். பெரும்பாலானோர் மீட்கப்பட்டனர், ஒருவர் இறந்தார்.

உள்ளே விழுந்தால் ஒன்று, பத்து, ஒன்று என்ற கணக்கை நினைவில் வையுங்கள். மூச்சை அடக்கி நிதானிக்க ஒரு நிமிடம். கை கால் வேலை செய்வது ஏறத்தாழப் பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். வந்த பக்கமே திரும்பி, காலை உதைத்து உடம்பைக் கட்டியின்மேல் ஏற்றி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். கழுத்தில் இரண்டு கூரான பிடிகளைத் தொங்கவிட்டிருந்தால் கட்டியில் குத்தி ஏறலாம். கூடாரத்துக்குள் அடுப்பு வைத்தால் காற்றுப் போக வழி விடுங்கள். அந்தப் புகையில்லாத விஷவாயுவும் கொல்லும்.

கற்றுக்கொடுக்கப்படாத தலைமுறை

போர்க்காலத்தில் வடக்குக் கிழக்குக் கடலில் பாஸ் நடைமுறையும் இரவுத்தொழில் தடையும் இயந்திர வலுவுக்கான கட்டுப்பாடும் இருந்தன. குடும்பங்கள் முகாம்களிலும் நகரத்து வாடகை அறைகளிலும் கழித்த ஆண்டுகளில், தகப்பனோடு படகில் போய்க் கண்ணால் கற்க வேண்டியதைப் பிள்ளைகள் கற்கவில்லை. அலையின் நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்வது, மேகத்தின் அடியைப் பார்த்துக் காற்று சொல்வது போன்ற அறிவு புத்தகத்தில் வருவதில்லை. அது பக்கத்தில் இருந்து பழகி வருவது.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. முகத்துவாரத்திலும் காக்கைத்தீவிலும் தலைமுறையாகத் தொழில் செய்பவர்களோடு பேசுங்கள். சிங்களமோ தமிழோ, இந்த வாயின் குணத்தை அவர்களே அறிவார்கள். “இண்டைக்கு எப்படி அண்ணே?” என்ற கேள்விக்கு எந்தக் கரையிலும் பதில் கிடைக்கும். அடுத்தது, புறப்படும் முன் மூன்று விடயங்களைப் பார்க்கும் பழக்கம். கடலுக்கான வானிலை அறிக்கை, ஹங்வெல்ல மற்றும் நாகலகம் வீதி நீர்மட்டம், வாயில் கால்மணி நேர அவதானிப்பு. இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் வலையைக் காயப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.